ஊராட்சி பிளான் அப்ரூவல் திரும்பி வந்துவிட்டது, வைகாசி 21க்குள் வேண்டும், உதவுங்கள்

செம்மண்காடு | 12 மே 2025, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். ஊரில் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்டுகிறோம். அனுமதிக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டு மூன்று வாரம் ஆயிற்று. இன்று ஆவணம் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாங்கள் எல்லாம் சரியாகத்தான் கொடுத்தோம். வைகாசி 21 வாஸ்து நாள். கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, பாதி ஓடு இறக்கியாயிற்று, அப்பாவும் அம்மாவும் மாமா வீட்டில் இருக்கிறார்கள். என்ன செய்வது? உடனே யாராவது சொல்லுங்கள்.

கொத்தனார் மகன் | 12 மே, இரவு 11.05

எந்த மாவட்டம்? எத்தனை சென்ட்? பட்டா யார் பெயரில் இருக்கிறது, பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? எந்த ஆவணம் எதோடு பொருந்தவில்லை என்று எழுதியிருக்கிறார்களா? அதைச் சொல்லாமல் எதுவும் சொல்ல முடியாது நண்பரே.

தென்காசித் தென்றல் | 13 மே, காலை 6.20

இது அங்கீகாரம் இல்லாத மனைப் பிரச்சினைதான், எனக்குச் சந்தேகமே இல்லை. 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனையா என்று பாருங்கள். அதற்கு முன் பதிவாகியிருந்தால் 2017இல் வந்த வரன்முறை விதிகளின்படி பணம் கட்டி வரன்முறை செய்துகொள்ள வழி உண்டு. என் தங்கை வீட்டுக்கு இதேதான் நடந்தது. அப்புறம், ஊராட்சித் தலைவரை ஒரு தடவை நேரில் பாருங்கள், அவர் சொன்னால் வேலை நகரும்.

விதிப்புத்தகம் | 13 மே, காலை 7.45

இந்தக் கேள்வி மாதத்துக்கு நாலு முறை வருகிறது. ஒவ்வொரு முறையும் கேட்பவர் நிலத்தின் வகையைச் சொல்வதில்லை. 2019ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் என்று ஒன்று இருக்கிறது. அதை வாசித்துவிட்டு விண்ணப்பித்திருந்தால் இந்த மூன்று வாரம் வீணாகியிருக்காது. பொறுமையாகப் படிப்பவருக்குப் புரியாதது அதில் எதுவும் இல்லை. நிலம் நஞ்சை என்று நினைக்கிறேன். நஞ்சையில் வீடு கட்ட முதலில் நிலப் பயன்பாடு மாற்றம் வேண்டும்.

காவேரிக்கரை | 13 மே, காலை 8.10

ஓட்டு வீடு ஏற்கெனவே நிற்கிற இடம் எப்படி நஞ்சையாக இருக்கும்? அவர் பதற்றத்தில் எழுதியிருக்கிறார். பெற்றவர்கள் வேறு வீட்டில் போய்த் தங்கியிருக்கிறார்கள். கொஞ்சம் தன்மையாகக் கேட்போம்.

செம்மண்காடு | 13 மே, மதியம் 1.15

சிவகங்கை மாவட்டம். 5 சென்ட். பட்டா இருக்கிறது. லேஅவுட் எல்லாம் இல்லை, ஊருக்குள்ளேதான். வேலையில் இருக்கிறேன், ராத்திரி வருகிறேன்.

வைகை மணல் | 13 மே, மதியம் 1.50

5 சென்ட் என்றால் 2,178 சதுர அடி. சுயசான்று முறையிலேயே போட்டிருக்கலாமே? 2024 ஜூலையில் அரசு கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும் மட்டும் என்றால் உடனடி அனுமதி. யாரும் வந்து பார்க்கக்கூட வேண்டாம்.

கொத்தனார் மகன் | 13 மே, மதியம் 2.30

அந்த முறை நல்லதுதான், நானே இரண்டு வீட்டுக்குப் போட்டுக் கொடுத்தேன். ஆனால் காகிதம் சரியாக இருந்தால்தான் நல்லது. ஆவணத்துக்குப் பொறுப்பு விண்ணப்பிக்கிறவர்தான். ஏற்கெனவே பொருந்தவில்லை என்று சொல்லிவிட்ட காகிதத்தை அதே மாதிரி அதில் ஏற்றி அனுமதி வாங்கினால், பின்னால் அந்த அனுமதி ரத்தாகும். அதற்குள் வீடு பாதி எழும்பியிருக்கும்.

பழைய சங்கிலி | 13 மே, மாலை 5.40

தம்பி, ஊருக்குள் பழைய ஓட்டு வீடு என்கிறீர்கள். லேஅவுட் மனையும் இல்லை, நஞ்சையும் இல்லை. நத்தமாகத்தான், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலமாகத்தான் இருக்கும். நான் நில அளவையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கையில் இருக்கிற பட்டாவின் மேலே 'தோராய பட்டா' என்று எழுதியிருக்கிறதா? யார் பெயரில் இருக்கிறது? விண்ணப்பத்தில் எந்தப் புல எண்ணைக் கொடுத்தீர்கள்? இந்த மூன்றை மட்டும் சொல்லுங்கள்.

செம்மண்காடு | 13 மே, இரவு 9.55

ஆமாம் ஐயா, தோராய பட்டாதான்! தாத்தா பெயரில் இருக்கிறது. அவர் 2009இல் தவறிவிட்டார். வீட்டு வரியும் கரண்ட் பில்லும் அப்பா பெயரில் வருகின்றன. புல எண் தாத்தா வாங்கிய பத்திரத்தில் இருந்ததைக் கொடுத்தோம். இணையத்தில் சிட்டாவை எடுத்தால் எங்கள் எண்ணுக்கு எதுவும் வரவில்லை. கிராம நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் அரசு புறம்போக்கு என்று இருக்கிறது. அதைப் பார்த்து அப்பா ஒரு வேளை சாப்பிடவே இல்லை. எங்கள் இடம் எங்களுடையது இல்லையா?

விதிப்புத்தகம் | 13 மே, இரவு 10.20

வீட்டு வரி ரசீது உரிமை ஆவணம் அல்ல. மின் இணைப்பும் அல்ல. இந்த அடிப்படையைத் தெரிந்துகொண்டு விண்ணப்பித்திருக்க வேண்டும்.

மருதநிலம் | 13 மே, இரவு 10.45

எதற்கு இவ்வளவு பாடு? எங்கள் ஊரில் யாரும் அப்ரூவல் வாங்கிக் கட்டவில்லை. என் வீடு கட்டி எட்டு வருஷம் ஆகிறது. சொந்த ஊரில், சொந்த இடத்தில் கட்டுகிறோம். ஊராட்சியில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

கொத்தனார் மகன் | 13 மே, இரவு 11.00

தயவுசெய்து இந்த யோசனையைக் கேட்காதீர்கள். அனுமதி இல்லாமல் வங்கி வீட்டுக்கடன் தராது. நாளைக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ போனாலும் வரைபடம் எங்கே என்றுதான் கேட்பார்கள். என் கண்ணெதிரே ஒருவர் லிண்டல் மட்டத்தோடு நிறுத்திவிட்டு வட்டிக்கு அலைந்தார்.

மருதநிலம் | 13 மே, இரவு 11.12

எல்லாருக்கும் கடன் தேவைப்படுவதில்லை. கிராமத்து ஆளைப் பத்து அலுவலகத்துக்கு அலையவிடுவது நியாயமா என்பதுதான் என் கேள்வி.

தென்காசித் தென்றல் | 14 மே, காலை 6.05

அதற்குத்தான் சொன்னேன், தலைவரைப் பாருங்கள் என்று.

வைகை மணல் | 14 மே, காலை 7.30

சிவகங்கையில் இப்போது தலைவரே இல்லை. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தனி அலுவலர்தான் பார்க்கிறார். உங்கள் தென்காசியில் 2021 அக்டோபரில் தேர்தல் நடந்ததால் அங்கே தலைவர் இருக்கிறார். ஊருக்கு ஊர் நிலைமை வேறு.

தென்காசித் தென்றல் | 14 மே, காலை 7.50

சரி, அது எனக்குத் தோன்றவில்லை. ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்தவர் இருந்தால்தான் ஊர்க்காரன் போய்ப் பேச முடியும். தேர்தல் நடத்தாமல் வைத்திருப்பது பெரிய அநியாயம்.

விதிப்புத்தகம் | 14 மே, காலை 8.15

தேர்தல் விவாதத்தைத் தனி இழையில் நடத்துங்கள்.

பழைய சங்கிலி | 14 மே, காலை 9.30

செம்மண்காடு தம்பி, முதலில் அப்பாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். இடம் எங்கும் போகவில்லை.

கிராம நத்தம் என்பது ஊர் மக்கள் குடியிருக்க ஒதுக்கிய இடம். 'அ' பதிவேட்டில் அந்தப் பெரிய புல எண் முழுவதும் அரசு புறம்போக்கு, கிராம நத்தம் என்று ஒரே வரியில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். நத்தத்தில் குடியிருப்பவரின் இடம் அரசுக்குச் சொந்தமாகிவிடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது.

நத்தம் நிலவரித் திட்டம் நடந்தபோது வீடு வீடாக அளந்து, அந்தப் பெரிய எண்ணுக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் உட்பிரிவு எண் கொடுத்தோம். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு சந்து சந்தாக நடந்த வேலை அது. அப்போது முதலில் கொடுத்தது தோராய பட்டா, ஆட்சேபம் எல்லாம் கேட்டு முடித்தபின் கொடுத்தது தூய பட்டா. நீங்கள் பத்திரத்தில் இருக்கிற பழைய எண்ணைக் கொடுத்துவிட்டீர்கள். பட்டாவில் இருப்பது உட்பிரிவு எண். ஒன்று இன்னொன்றோடு பொருந்தவில்லை என்று அவர்கள் எழுதியது சரிதான். இணையத்தில் சிட்டா எடுக்கும்போது கிராமப்புறம் என்று தேர்ந்தெடுக்காமல் நத்தம் என்று தேர்ந்தெடுத்து, உட்பிரிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். தாத்தா பெயர் வர வேண்டும். வராவிட்டால் தாலுகா அலுவலகத்தில் நத்தம் கணக்கைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், நத்தம் வரைபடத்தையும் அங்கேயே வாங்குங்கள்.

அடுத்தது பெயர். தாத்தா பெயரில் இருக்கும்வரை அப்பா விண்ணப்பிக்க முடியாது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்றிதழ் வைத்து இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்குப் போடுங்கள். தாத்தாவுக்கு அப்பா ஒரே பிள்ளையா?

செம்மண்காடு | 14 மே, மதியம் 1.20

ஐயா, நத்தத்தில் போட்டதும் தாத்தா பெயர் வந்துவிட்டது. 202 சதுர மீட்டர். ரொம்ப நன்றி. அப்பாவுக்கு ஒரு தங்கை, என் அத்தை, திருச்சியில் இருக்கிறார். பாட்டி இல்லை. அத்தையிடம் ஒரு கையெழுத்து வாங்கினால் போதுமா?

காவேரிக்கரை | 14 மே, மதியம் 2.00

ஒரு கையெழுத்து என்று சொல்லாதீர்கள். தாத்தா உயில் எழுதாமல் போயிருந்தால் அந்த வீட்டில் பாதி உங்கள் அத்தையுடையது. என் அப்பா வீட்டிலும் இப்படித்தான், அவசரம், வாஸ்து நாள் என்று பேப்பரை நீட்டினார்கள். படித்துப் பார்க்கக்கூட நேரம் தரவில்லை. நான் போட்டுக் கொடுத்தேன், இன்றுவரை மனது ஆறவில்லை. நீங்களும் அப்பாவும் திருச்சிக்கு நேரில் போங்கள். பங்கு வேண்டுமா, பணமாக வேண்டுமா, விட்டுக்கொடுக்கிறாரா என்று அவரே முடிவு செய்யட்டும்.

மருதநிலம் | 14 மே, மதியம் 2.40

ஐந்து சென்ட்டில் பாதி என்றால் வீடு கட்டவே முடியாது. பெற்றவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது அப்பாதானே?

காவேரிக்கரை | 14 மே, மதியம் 2.55

யார் பார்த்தார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்? அதையும் அவர்கள் உட்கார்ந்து பேசட்டும். கேட்காமல் வாங்குவதைத்தான் தவறு என்கிறேன்.

பழைய சங்கிலி | 14 மே, மாலை 6.10

காவேரிக்கரை அம்மா சொல்வதுதான் முறை. அத்தை விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரமாகப் பதிவு செய்யுங்கள். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். வெள்ளைத்தாளில் எழுதி வாங்குவது எதற்கும் உதவாது. வைகாசி 21க்கு முடியாது தம்பி, கொத்தனாரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

கொத்தனார் மகன் | 28 ஜூன் 2025

செம்மண்காடு, என்ன ஆயிற்று? இறக்கிய ஓட்டுக்குப் பதில் தார்ப்பாயாவது போட்டீர்களா? மழை வந்தால் மண்சுவர் நிற்காது.

செம்மண்காடு | 24 ஆகஸ்ட் 2025

மன்னிக்கவும், வேலை அலைச்சல். அத்தை ஒரு வாரம் ஊருக்கு வந்து தங்கினார். மாடியில் ஓர் அறை அவருக்கு என்று பேசி, விடுதலைப் பத்திரம் பதிவு செய்தோம். பட்டா அப்பா பெயருக்கு மாறியது, பிறகு சுயசான்று முறையில் அனுமதி கிடைத்தது. ஆவணி 6 வாஸ்து நாளில் முதல் கல்லை அத்தைதான் வைத்தார். பழைய சங்கிலி ஐயாவுக்கும் காவேரிக்கரை அக்காவுக்கும் அப்பா நன்றி சொல்லச் சொன்னார்.