ரேட் பேசுறது வாட்ஸப்புல, பில்லு டேலில... ரெண்டையும் எப்படி சேக்குறது?

மன்னை கணக்கு:
மன்னார்குடி பக்கம் ரைஸ் மில்லுல அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். ஆபீஸ் பேச்சு பூரா ஒரே வாட்ஸப் குரூப்புதான், எத்தன மூட்ட லோடுன்னு ஒருத்தர் போடுவாரு, பார்ட்டி நொய் அதிகம் ரேட்ட குறைங்கம்பாரு, முதலாளி வாய்ஸ்ல "சரி விடு"ம்பாரு, நடுவுல குட்மார்னிங் படம் வேற. டேலின்னு கணக்கு சாஃப்ட்வேர்ல பில்லு பழைய ரேட்டுலயே கெடக்கும். மாசக்கடைசில பார்ட்டி லெட்ஜரும் நம்மளுதும் ஒத்துப் போகாது, எந்த "சரி விடு" எந்த லோடுக்குன்னு யாருக்கு தெரியும்? இதுக்கு சாஃப்ட்வேர் ஏதும் இருக்கா?

குடந்தை ஓடூ:
ஓடூன்னு ஒரு பிசினஸ் சாஃப்ட்வேர் இருக்கு, பாருங்க. ஒவ்வொரு ஆர்டருக்கு கீழயும் சாட்டர்னு ஒரு எடம் இருக்கும், அந்த ஆர்டர் பத்துன பேச்ச அங்கயே பேசிக்கலாம். ஆனா ஆபீஸுக்குள்ள மட்டும் பேசுறத லாக் நோட்ங்கிற பட்டன்ல போடுங்க, சென்ட் மெசேஜ அமுக்குனா, பார்ட்டிய அந்த ஆர்டருக்கு ஃபாலோயரா சேத்திருந்தா அவருக்கே மெயில் போயிடும் 😀 கம்யூனிட்டி வெர்ஷன் ஃப்ரீ, ஆனா முழு அக்கவுண்டிங் அதுல கெடையாது, அதுக்கு டேலியும் பக்கத்துலயே ஓடணும்.

மன்னை கணக்கு:
நல்லாத்தான் இருக்கு அண்ணே, ஆனா முதலாளி கம்ப்யூட்டர் பக்கமே வரமாட்டாரு.

ஆரூர் ஆடிட்:
அப்ப குரூப்ப நிறுத்தாதீங்க தம்பி, நிறுத்துனாலும் நிக்காது. பில்லுக்கு முந்தி பேசுனா லாரி நம்பர், பில்லு போட்டப்புறம்னா பில் நம்பர், இது இல்லாத ரேட் மெசேஜ் செல்லாதுன்னு வைங்க. வாய்ஸ் வந்தா அதுக்கே ரிப்ளை அடிச்சு "பில் 412, மூட்டைக்கு 30 கம்மி, ஓகேவா"ன்னு எழுத்துல கேளுங்க. ஓகே வந்ததும் பில்ல திருத்தாம கிரெடிட் நோட் (பில் தொகைய குறைக்கிற சீட்டு) போட்டு, அதோட நரேஷன்ல, அதாவது குறிப்பு எழுதுற எடத்துல, யார் என்னைக்கு எதுக்கு ஒத்துக்கிட்டாங்கன்னு ஒரு வரி எழுதுங்க. பில்ல மாத்துனா தானா பதிஞ்சு வைக்கிற எடிட் லாக் டேலில இருக்கேன்னு சில பேர் சொல்வாங்க, கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1லேந்து அந்த மாதிரி பதிவு கட்டாயம்தான், ஆனா யார் எப்ப என்னத்த மாத்துனாங்கன்னுதான் அது சொல்லும், ஏன் மாத்துனாங்கன்னு சொல்லாது. ஆடிட்டருங்க நாங்க கேக்குறதே அந்த ஏன்தான். ஜிஎஸ்டில இருந்தா கணக்கு புக்க வருஷாந்தர ரிட்டர்ன் கெடு தேதிலேந்து 72 மாசம் வச்சிருக்கணும், அதுவரைக்கும் அந்த வாய்ஸ் யாரு போன்ல இருக்கப் போவுது சொல்லுங்க.

வெண்ணாறு:
டேலிபிரைம் 4.0லேந்து வாட்ஸப்புல பில் அனுப்பலாமே?

ஆரூர் ஆடிட்:
அனுப்பலாம். அதுக்கப்புறம் பார்ட்டி பேசுறது டேலி பதிவுல (வவுச்சர்ல) தானா வந்து ஒட்டிக்காது, நாமதான் எழுதணும்.

மன்னை கணக்கு:
சரிங்க சார், சம்பா அறுப்புக்கு முந்தியே ஆரம்பிச்சிடறேன். பழைய குரூப் பேச்ச என்ன பண்றது?

குடந்தை ஓடூ:
எக்ஸ்போர்ட் சாட் போட்டு மெயிலுக்கு அனுப்பி வைங்க. மீடியா சேத்து எடுத்தா மெசேஜ் கம்மியாத்தான் வரும், அதனால மீடியா இல்லாம ஒரு தடவையும் எடுத்துக்குங்க.