மொய் நோட்டில் ‘சிதம்பரம் பழனி 51’: எது ஊர், எது ஆள்?

மணப்பாறைத் தம்பி:
வணக்கம். தங்கச்சிக்குத் தை மாசம் கல்யாணம். யார் யாருக்குப் பத்திரிகை வைக்கணும்னு பார்க்க, அப்பா அம்மா கல்யாண மொய் நோட்டை (1993) எடுத்து கூகுள் ஷீட்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். அப்பா இப்போது இல்லை. மொத்தம் 412 வரி.

சிக்கல் என்னவென்றால் பாதிப் பேருக்கு ஊர் பெயர்தான் பெயரே. பழனி, சிதம்பரம், திருப்பதி, காசி, அண்ணாமலை. ‘சிதம்பரம் பழனி 51’ என்று ஒரு வரி. சிதம்பரத்திலிருந்து வந்த பழனியா, பழனியிலிருந்து வந்த சிதம்பரமா? முதல் சொல்லை ஊர் என்று வைத்து மேப்பில் போட்டேன். திருப்பதியில் 11 சொந்தக்காரர், காசியில் 6 பேர் என்று காட்டுகிறது. எங்கள் வகையறாவில் காசியைக் கண்ணால் பார்த்தவர் ஒரே ஒரு பெரியப்பாதான். வழி சொல்லுங்கள்.

பொடிமட்டை:
தம்பி, குழப்பமான வரியை விட்டுவிட்டுக் குழப்பமே இல்லாத வரியை எடுங்கள். துவரங்குறிச்சி, வையம்பட்டி, குளித்தலை என்று யாரும் பிள்ளைக்குப் பெயர் வைத்ததில்லை. அந்த வரிகளில் ஊர் முன்னால் இருக்கிறதா பின்னாலா என்று பாருங்கள். மொய் எழுதுகிறவர் “எந்த ஊரு?” என்றுதான் முதலில் கேட்பார், அப்புறம்தான் பேர். அநேகமாக ஊர் முன்னால் வரும்.

நெய்விளக்கு:
என் கணக்குப்படி பழனி என்று இருந்தால் ஆள் என்றே வைத்துக்கொள்ளலாம். தூரத்தில் இருக்கிறவன்தான் சாமிக்கு நேர்ந்துகொண்டு அந்த ஊர்ப் பெயரை வைப்பான். உள்ளூர்க்காரன் எதற்கு வைக்கிறான்?

அடிவாரம்:
நெய்விளக்கு, நான் பழனியில் பிறந்தவன், பெயரும் பழனிதான். பத்தாம் வகுப்பில் என்னோடு சேர்த்து நாலு பழனி. வாத்தியார் இனிஷியல் சொல்லித்தான் அடிப்பார்.

மணப்பாறைத் தம்பி:
பொடிமட்டை அண்ணே, பார்த்தேன். முதல் 9 பக்கம் நீங்கள் சொன்ன மாதிரியே ‘குளித்தலை முத்துச்சாமி’ என்று ஊர் முன்னால். பத்தாம் பக்கத்திலிருந்து ‘முத்துச்சாமி குளித்தலை’ என்று தலைகீழ். நடுவில் ஏன் மாறியது?

பொடிமட்டை:
ஆள் மாறியிருப்பார். எழுதுகிறவரும் பந்தியில் உட்கார வேண்டாமா? இங்க், கையெழுத்து இரண்டையும் பாருங்கள்.

மணப்பாறைத் தம்பி:
இரண்டுமே நீல இங்க், கையெழுத்தும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் தெரிகிறது.

கூட்டெழுத்து:
‘லை’யைப் பாருங்கள். குளித்தலை, அண்ணாமலை, திருமலை, எதுவானாலும் சரி. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் படித்தவர் என்றால் ல-வுக்கு மேலே யானைத் துதிக்கை போட்டு லை எழுதியிருப்பார். அந்தப் பழக்கம் லேசில் போகாது. எங்கள் தாத்தா கடைசிக் கடிதம் வரைக்கும் துதிக்கைதான். இளவட்டம் என்றால் இப்போது நாம் எழுதுகிற லை.

மணப்பாறைத் தம்பி:
அட! 9-ம் பக்கம் வரை எல்லாம் துதிக்கை. 10-ல் முதல் வரியே ‘அண்ணாமலை தோகைமலை 21’, அதில் இரண்டுமே புது லை. இரண்டு ஆள்தான், சந்தேகமே இல்லை. 9 பக்கத்துக்கு ஊர்-பெயர், மீதிக்குப் பெயர்-ஊர் என்று ஷீட்டில் மாற்றிவிட்டேன். காசி காலி. திருப்பதியில் 11 பேர் 1 ஆகிவிட்டார். அந்த ஒருவர் நிஜமாகவே அங்கே ஓட்டல் வைத்திருந்தாராம்.

இன்னொரு தொல்லை. நோட்டின் பின்பக்கத்தில் பத்திரிகை அனுப்பிய முகவரிகள். அதில் ‘சிதம்பரனார் மா.’ என்று மூன்று பேர். சிதம்பரத்தில் சேர்க்கட்டுமா? நாலு ‘ஆத்தூர்’ வேறு. சேலத்து ஆத்தூர்தானே?

ஓய்வுபெற்ற தபால்காரன்:
ரெண்டையும் தொடாதீர்கள் தம்பி!

சிதம்பரனார் மாவட்டம் என்றால் தூத்துக்குடி. 1986-ல் திருநெல்வேலியைப் பிரித்தபோது வ.உ.சி. பெயரில் வைத்தது. சிதம்பரம் டவுனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வ.உ.சி. பிறந்தது ஓட்டப்பிடாரம், 1872-ல். கோயில் ஊர் பெயர் ஒரு மனிதருக்குப் போய், அந்த மனிதர் பெயர் வேறொரு சீமைக்கு வந்தது. எங்கள் ஆபீசில் கட்டுப் பிரிக்கிற புதுப் பையன்கள் இதில்தான் வழுக்குவார்கள். உங்கள் நோட்டு 1993 என்பதால் இன்னும் வரும்: அண்ணா மாவட்டம் என்றால் திண்டுக்கல், பெரியார் என்றால் ஈரோடு, காமராஜர் என்றால் விருதுநகர், பசும்பொன் என்றால் சிவகங்கை. 1997-ல் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டு ஊர் பெயரே போதும் என்று ஆக்கினார்கள். பட்டுவாடா செய்கிறவனுக்கு அன்றைக்குத்தான் நிம்மதி.

ஆத்தூர் சேலம் மாவட்டத்தில் ஒன்று, தூத்துக்குடிப் பக்கம் வெற்றிலைக்குப் பேர்போன ஒன்று, திண்டுக்கல்லில் ஒன்று. மாவட்டம் எழுதியிருக்காவிட்டால் பின்கோடில் முதல் மூன்று எண் போதும். 636 சேலம், 628 தூத்துக்குடி, 624 திண்டுக்கல். சிவகிரி என்று வந்தாலும் உஷார், ஈரோட்டில் ஒன்று, தென்காசியில் ஒன்று.

மணப்பாறைத் தம்பி:
ஐயா, கும்பிடுகிறேன். ஆத்தூரில் இரண்டு 636, ஒன்று 624, ஒன்றில் பின்கோடே இல்லை. இன்னும் ஒன்று: ‘அண்ணாமலைநகர் ராமசாமி’யைத் திருவண்ணாமலையில் வைத்திருக்கிறேன், சரிதானே?

ஓய்வுபெற்ற தபால்காரன்:
தப்பு. அண்ணாமலைநகர் சிதம்பரத்தில். 1929-ல் பல்கலைக்கழகம் தொடங்கிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் பெயர் அது. ராமசாமி அங்கே வேலை பார்த்தவராக இருக்கலாம். இதே ரகத்தில் காவேரிப்பட்டினம் வந்தால் பூம்புகாரில் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். அது கிருஷ்ணகிரிப் பக்கம், ஓடுவதும் தென்பெண்ணை ஆறு.

நெய்விளக்கு:
வெறும் ‘பவானி 51’ என்று இருந்தால்?

பொடிமட்டை:
1993-ல் பெண் பெயரில் மொய் விழுவது குறைவு, வீட்டுக்காரர் பெயரில்தான் எழுதுவார்கள். ஆனாலும் டீச்சராக இருந்தால் சொந்தப் பெயரில் எழுதியிருப்பார். ஜமக்காளம் நெய்கிற ஊரா, பவானி டீச்சரா என்று வீட்டில்தான் கேட்கணும்.

மணப்பாறைத் தம்பி:
எங்களுக்குப் பவானி இல்லை, தப்பித்தேன். எல்லாம் முடிந்த மாதிரிதான். ‘சிதம்பரம் பழனி 51’ இருப்பது 14-ம் பக்கம், அதாவது இரண்டாவது கையெழுத்து. அங்கே பெயர் முன்னால், ஊர் பின்னால். ஆகவே பழனி ஊரைச் சேர்ந்த சிதம்பரம். பழனிக்குப் போகிறபோது நேரில் போய் வைக்கலாமென்று குறித்துக்கொண்டேன்.

கூட்டெழுத்து:
அவசரப்படாதீர்கள். உள்ளூர்க்காரர் மொய் வைத்தால் ஊர் எப்படி எழுதியிருக்கிறது? 14-ம் பக்கத்தில் உங்கள் தெருக்காரர் யாராவது இருக்கிறாரா?

மணப்பாறைத் தம்பி:
இருக்கிறார், ‘வீரப்பன் கருப்பையா 21’. கருப்பையா மாமா மேலத் தெரு. வீரப்பன் அவர் அப்பா. ஊரே எழுதவில்லை…

இப்போதுதான் அம்மாவிடம் நோட்டைக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். “அடேய், இது நம்ம சிதம்பரம் மாமா மகன் பழனிடா. பின்தெரு. நேத்துக்கூட கறிவேப்பிலை பறிச்சுட்டுப் போனானே.”

மேப்பிலிருந்து அவரை எடுத்துவிட்டேன். சாயங்காலம் பத்திரிகையோடு பின்தெருவுக்குப் போகிறேன்.