செய்மதிப் படத்தில் சிவப்புப் புள்ளி விழுந்தால், புகை அந்த வயலிலிருந்துதான் வந்ததா?

வாவியோரம்:
சிறுபோக அறுவடை முடிந்ததிலிருந்து பின்னேரங்களில் மட்டக்களப்பு நகருக்குள் புகை வந்து நிற்கிறது. அம்மாவுக்கு இழுப்பு. ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறார். செய்மதி கண்ட நெருப்பைக் காட்டும் நாசாவின் ஃபேர்ம்ஸ் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். வெல்லாவெளி, வவுணதீவு, கொக்கட்டிச்சோலைப் பக்கமெல்லாம் சிவப்புப் புள்ளிகள். கச்சான் காற்றும் மேற்கிலிருந்துதான் வீசுகிறது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அந்தப் படத்தை நாள்தோறும் ஊர்ப் பெயரோடு இங்கே போட்டு, கமநல சேவை நிலையத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் அனுப்ப வேண்டும் என்கிறேன்.

படுவான்கரையான்:
டீச்சர், அம்மாவின் மூச்சுமுட்டலை நான் சின்ன விஷயமாக எடுக்கவில்லை. ஆனால் அந்தப் புள்ளி புகை இல்லை, சூடு. தரையில் ஒரு கட்டம் அக்கம்பக்கத்தைவிடச் சூடாகத் தெரிந்தால் அந்தக் கட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி விழும், அவ்வளவுதான். அந்தச் சூட்டை அளக்கும் செய்மதிக் கருவிகள் இரண்டு. வியர்ஸ் கருவிக்கு ஒரு கட்டம் 375 மீற்றர் அகலம், கிட்டத்தட்ட 35 ஏக்கர். மோடிஸ் என்றால் ஒரு கிலோமீற்றர், ஏறக்குறைய 250 ஏக்கர். எங்கள் வயல்வட்டையில் 35 ஏக்கருக்குள் எத்தனை பேருடைய வரம்பு ஓடுகிறது என்று ஒருநாள் வந்து பாருங்கள். ஒரு மூலையில் எரித்தவர் ஒருவர், புள்ளி விழுவது வைக்கோலை மாட்டுக்கு ஏற்றி அனுப்பியவரின் வயலில். செங்கல் சூளை எரிந்தாலும், மேய்ச்சல்தரைப் புல் பற்றினாலும் அதே சிவப்புத்தான். அதை ஊர்ப் பெயரோடு அலுவலகத்துக்கு அனுப்பினால் அது சாட்சி இல்லை, பழி.

சம்மாந்துறை வாசி:
இன்னொன்றும் இருக்கிறது. வியர்ஸ் கருவியைச் சுமக்கும் செய்மதிகள் நம் தலைக்கு மேல் வருவது பகல் ஒன்றரை மணியளவிலும் இரவு ஒன்றரை மணியளவிலும். எங்கள் பக்கம் வைக்கோலுக்கு நெருப்பு வைப்பது வெயில் தாழ்ந்த பிறகு. காய்ந்த வைக்கோல் அரை மணித்தியாலத்தில் எரிந்து கருகிவிடும். இரண்டு சுற்றிலும் அது அகப்படாது. பஞ்சாபில் இதுவே பெரிய பிரச்சினையாகிவிட்டது. விவசாயிகள் பொழுதுசாயும் நேரத்துக்கு எரிப்பை மாற்றியதும் புள்ளிகள் குறைந்தன, புகை குறையவில்லை. அப்படியானால் இந்தப் படம் எரிக்காதவரைக் காட்டிக்கொடுக்கும், எரித்தவரை விட்டுவிடும்.

வானம் பார்ப்பவன்:
சம்மாந்துறைக் காக்கா, அதற்காகச் செய்மதியே வேண்டாம் என்றா சொல்வது? நான் டீச்சர் பக்கம். புள்ளியை விட்டுவிட்டுப் புகையையே தேடலாம். புவிநிலைச் செய்மதிகள் ஒரே இடத்தில் நின்று திரும்பத் திரும்பப் படமெடுக்கின்றன. ஜப்பானின் ஹிமாவாரி 10 நிமிடத்துக்கு ஒன்று. இந்தியாவின் இன்சாட் வரிசையில் ஒன்று கிழக்கு நெடுங்கோடு 82 பாகையில், ஏறக்குறைய மட்டக்களப்புக்கு நேரே நிற்கிறது. படங்களை வரிசையாக ஓடவிட்டால் முகில் உருமாறிக் கலைவது தெரியும். புகை அப்படியில்லை. ஓரம் மங்கிய சாம்பல் பட்டையாக, ஒரு முனை தரையில் ஊன்றி, மறுமுனை காற்றோடு நீளும். கடலுக்கு மேல் போனால் இன்னும் தெளிவு, பின்னணி இருண்டிருக்கும்.

2022 டிசம்பரை மறந்துவிட்டீர்களா? மாண்டஸ் புயல் நேரம் வானமெல்லாம் மங்கி, டிசம்பர் 9 அன்று நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். மாசு வடக்கிலிருந்து, இந்தியப் பக்கமிருந்து காற்றோடு வந்தது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொன்னது. கடல் தாண்டி வந்ததை மேலேயிருந்து பார்க்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது? அவுஸ்திரேலியக் காட்டுத்தீயின் புகை 2020 தொடக்கத்தில் உலகத்தையே சுற்றி வந்ததும், 2023 ஜூனில் கனடாப் புகை நியூயோர்க்கை மூடியதும் இப்படித்தான் நாளுக்கு நாள் பின்தொடரப்பட்டன.

படுவான்கரையான்:
தம்பி, நீங்கள் சொன்னதெல்லாம் ஆயிரம் மைல் புகை. அதை நான் மறுக்கவேயில்லை. இரண்டு ஏக்கர் வைக்கோல் புகை அப்படியா? இன்சாட் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் படத்திலேயே ஒரு கட்டம் ஒரு கிலோமீற்றர். வெப்பப் படத்தில் 4 கிலோமீற்றர். வைக்கோல் புகை தென்னை உயரம் எழும்பிப் பிறகு படுத்துவிடும். பொழுதுபட்டதும் தரையோரக் காற்று குளிர்ந்து மேலே மூடி போட்டதுபோல் ஆகிறது. புகை அதற்குக் கீழே கிடக்கிறது. டீச்சரின் அம்மா சுவாசிப்பது அந்தப் புகையை. அந்நேரம் படத்தில் வெளிச்சமே இல்லை.

வானம் பார்ப்பவன்:
சென்டினல் 5பி செய்மதியின் ட்ரோபோமி கருவி புறஊதாக் கதிரை வைத்துப் புகையைக் காட்டுகிறதே அண்ணன்? முகிலுக்கு மேல் கிடக்கும் புகையைக்கூடக் காட்டும்.

மருத்துவத்தாதி:
மேலே கிடக்கும் புகையைக் காட்டும் தம்பி. தரையை ஒட்டிக் கிடப்பதில்தான் அந்தக் கருவி தரும் புகைச் சுட்டெண் பலவீனமானது. அதுவும் பகல் ஒன்றரைச் செய்மதிதான். செய்மதி அளப்பது தரையிலிருந்து வானம் வரையான காற்றின் முழு நிரலையும். மூக்கு அளப்பது அடியிலிருக்கும் ஓரிரு மீற்றரை. ஆஸ்பத்திரி விடுதியில் நெபுலைசருக்கு ஆட்கள் கூடுவதை நான் பார்ப்பது இரவிலும் விடியலிலும்தான். நுண்துகள் அளக்கும் சின்னக் கருவியை நகரத்தில் ஒன்று, வாவிக்கு அக்கரையில் ஒன்று, குடும்பிமலைப் பக்கம் ஒன்று என்று வையுங்கள். முதலில் எங்கே ஏறுகிறது, எத்தனை மணிக்கு ஏறுகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் செய்மதிப் படத்தைத் திறவுங்கள். ஊவா மலைச்சரிவில் எல்ல, வெல்லவாய பக்கம் புல் எரிகிற மாதமும் இதுதான். அந்தப் புகையும் கச்சானோடு இறங்கலாம். அதைப் பிரித்தறியச் செய்மதி நிச்சயம் உதவும்.

வாவியோரம்:
கருவி வரும்வரை அம்மா காத்திருக்க வேண்டுமா? எரிக்கிறார்கள் என்பது பொய்யா? வைக்கோலை எரித்தால் அதிலுள்ள நைதரசன் கிட்டத்தட்ட முழுக்கக் காற்றோடு போகிறது. மண்ணுக்கும் நட்டம், நெஞ்சுக்கும் நட்டம். பாதி உண்மையாக இருந்தாலும் படத்தைப் போட்டால்தான் யாராவது அசைவார்கள்.

படுவான்கரையான்:
எரிப்பது பொய்யில்லை. மாடு விட்டு நெற்கதிரைச் சூடு மிதித்த காலத்தில் வைக்கோல் களத்தில் ஒரே இடத்தில் குவியும். இப்போது வெட்டுமெசின் வயல் முழுக்கப் பரப்பிவிட்டுப் போகிறது. கட்டும் மெசின் வேளைக்கு வராது, தண்ணீர் திறக்கும் திகதியோ நிற்காது. அந்த வயல்களில் பல வாவிக்குக் கிழக்கே, உங்கள் நகரப் பக்கத்து எழுவான்கரைக் குடும்பங்களுக்குச் சொந்தம் என்பதும் உங்களுக்குத் தெரியும். புள்ளி விழும் ஊரும் நெருப்பு வைக்கச் சொன்னவர் இருக்கும் ஊரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று கேட்கிறேன். பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக வைக்கோலும் எரிகிறது. அப்போது வாடைக்காற்று, புகை முழுக்க மேற்கே எங்கள் வீடுகளுக்குத்தான் வரும். எங்கள் பிள்ளைகளும் இருமுகிறார்கள். அந்த மாதத்தில் நகரத்திலிருந்து ஒருவராவது ஒரு படம் போட்டதுண்டா?

வாவியோரம்:
இல்லை. அதையும் போடுவேன், பெரும்போகத்துக்கும் சேர்த்து. ஆனால் நிறுத்தமாட்டேன்.

மருத்துவத்தாதி:
போடும்போது செய்மதி கடந்த நேரத்தையும் அந்த நேரக் காற்றுத் திசையையும் சேர்த்துப் போடுங்கள் டீச்சர். ஊர்ப் பெயரை எடுத்துவிடுங்கள். கட்டத்தின் அளவை அப்படியே சதுரமாக வரையுங்கள், புள்ளியாக வேண்டாம்.

படுவான்கரையான்:
சதுரம் என்றால் எனக்குச் சம்மதம். அக்கரைக் கருவியை எங்கள் பள்ளிக்கூடக் கூரையில் வைக்க அதிபரிடம் நான் கேட்கிறேன். மின்சாரம் இருக்கிறது, சிக்னல்தான் மழைக்கு விட்டுப்போகும்.