நின்றபடி ஏறிய ராட்டினம் இப்போது இத்தாலியில்: போய்ப் பார்க்கலாமா?

உவர்மலையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலை உவர்மலையில் பிறந்தவன். 1990 இல் எங்கள் குடும்பம் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு ஆறு வயது. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஊருக்குத் திரும்பி, உப்புவெளியில் ஒரு சிறிய விருந்தினர் விடுதியை நடத்தி வருகிறேன். ரொறன்ரோவுக்கு வடக்கே வோன் நகரில் இருக்கும் கனடாஸ் வொண்டர்லாண்ட் என்னும் கேளிக்கைப் பூங்காவைப் பற்றியும், அங்கிருந்து அகற்றப்பட்ட ஒரு ராட்டினத்தைப் பற்றியும் எழுத விரும்புகிறேன்.

அந்தப் பூங்கா 1981 இல் திறக்கப்பட்டது. கோடை விடுமுறையில் ஒரு நாள், அப்பாவின் வேலைத்தலத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் நுழைவுச்சீட்டுகளுடன் அங்கே போவோம். உள்ளே விற்கும் உணவை வாங்குவதற்கு அம்மாவின் மனம் ஒருபோதும் இடம் கொடுத்ததில்லை. ஆகையால் மதியம் எல்லோரும் வெளியே வந்து, வாகனத் தரிப்பிடத்தில் காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வாழையிலை கிடைக்காத ஊரில் ஈயத்தாளில் கட்டிய சோற்றுப் பொதிகளைச் சாப்பிட்டுவிட்டு, கையில் குத்திய முத்திரையைக் காட்டி மீண்டும் உள்ளே போவோம்.

நான் சொல்ல வந்த ராட்டினத்தின் பெயர் ஸ்கைரைடர். 1985 இல் வந்த ரோலர் கோஸ்டர் அது. அதில் உட்கார முடியாது. தோள்களின் மேல் காப்புச் சட்டம் இறங்கிப் பூட்டிக்கொள்ள, நின்றபடியே போக வேண்டும். நின்ற நிலையிலேயே ஒரு முழு வட்டம் தலைகீழாகச் சுற்றும். உட்கார்ந்து போகும் ராட்டினத்தில் வட்டத்தின் அடிப்பகுதியில் உடம்பு இருக்கையோடு அழுந்தும். இதில் அந்தப் பாரம் முழுவதும் முழங்காலிலும் குதிகாலிலும் இறங்கும். யாரோ தோளில் கைவைத்து நிலத்துக்குள் அமுக்குவது போல இருக்கும் என்று என் தங்கைக்கு அன்று விளக்கியது நினைவிருக்கிறது. 1994 இல் வாசலில் இருந்த உயர அளவுகோலுக்கு இரண்டு விரற்கடை குறைந்து, தண்ணீர் தொட்டு மயிரை மேலே வாரிக்கொண்டு மறுபடியும் போய் நின்றும், பணியாளர் சிரித்தாரே தவிர விடவில்லை. அடுத்த கோடையில்தான் ஏறினேன்.

கடந்த மாதம் என் மகளுக்கு அதைக் காணொளியில் காட்டலாம் என்று தேடியபோதுதான், 2014 இல் அதைக் கழற்றிவிட்டார்கள் என்பதும், இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் உள்ள கவல்லினோ மாத்தோ என்ற பூங்கா அதை வாங்கி, 2015 இல் ஃப்ரீஸ்டைல் என்ற புதிய பெயரில் திறந்தது என்பதும் தெரியவந்தன. என் கேள்வி இதுதான்: கழற்றி, கடல் கடந்து கொண்டுபோய், வேறு பெயரில் பூட்டிய பிறகும் அது நான் ஏறிய ராட்டினம்தானா? சுற்றுலாப் பருவம் முடிந்ததும் அங்கே ஒரு முறை போய்வர எண்ணுகிறேன். பணத்தை வீணாக்குகிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். சிறு வயதில் ஏறிய ஒன்றை இப்படித் தேடிப் போனவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள்.

துறையடி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், சகோதரரே. நான் கிண்ணியாவைச் சேர்ந்தவன். நாங்கள் கேளிக்கைப் பூங்காவைக் கண்டதில்லை. எப்போதாவது கார்னிவல் வந்தால் மரணக் கிணறு பார்ப்போம். பலகைச் சுவரில் மோட்டார் சைக்கிள் மேலேறி வரும்போது கிணறு முழுவதும் நடுங்கும். விளிம்பில் நீட்டிய ரூபாய்த் தாளை ஓட்டுபவர் ஒரு கையால் பறித்துக்கொண்டு போவார். மற்றபடி எங்களுக்கு வாய்த்த ராட்டினம், திருகோணமலைக்குப் போகும் வழியில் வாவியைக் கடந்த பாதைதான்.

பாதை என்றால் தெரு என்று வெளியூர் நண்பர்கள் நினைத்துவிடக் கூடாது; இரும்பு மிதவைகளின் மேல் பலகைத் தளம் அடித்து, பஸ்ஸையும் லொறியையும் மனிதரையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு அக்கரை சேர்க்கும் தெப்பத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பஸ்ஸின் முன்சில்லு தளத்தில் ஏறியதும் அந்தப் பக்கம் முழுவதும் தண்ணீருக்குள் தாழ்ந்து, பின்சில்லும் ஏறியபின் மெதுவாக நிமிர்ந்து வரும். அந்த ஒரு கணத்துக்காகவே நான் வாப்பாவின் சாரத்தைப் பிடித்துக்கொண்டு விளிம்பில் நிற்பேன். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்பட்டதோடு அந்தப் பயணம் முடிந்தது.

இதை எழுதும்போது ஒன்றை மறைக்க எனக்கு மனமில்லை. 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத நிலையில் ஓடிய ஒரு பாதை கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு, தளம் தாழ்ந்து நிமிரும் அந்தக் கணத்தை நான் முன்போல யாரிடமும் ரசித்துச் சொன்னதில்லை. உங்களுடைய ராட்டினம் பத்திரமாகக் கழற்றப்பட்டு இன்னொரு ஊருக்குப் போயிருக்கிறது. எனக்கு அதுவே பெரிய செய்தியாகப் படுகிறது.

இயந்திரக்கூடம் எழுதியது:

உவர்மலைத் தம்பிக்கு, நான் துறைமுகத்தில் இயந்திரத் திருத்த வேலையில் முப்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். ரோலர் கோஸ்டர்களைப் பற்றி வாசிப்பது என் பொழுதுபோக்கு. ஏறியது ஒன்றிரண்டுதான்.

அது அதே ராட்டினமா என்ற கேள்விக்கு இரும்பின் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன். உருக்குத் தண்டவாளம் துண்டு துண்டாகச் செய்யப்பட்டு, போல்ட் போட்டுப் பூட்டப்படுவது. ஆகவே அதைக் கழற்றி வேறிடத்தில் அதே வளைவோடு நிறுத்த முடியும். வண்டியில் ஒவ்வொரு மூலையிலும் மூன்று வகைச் சில்லுகள் இருக்கும்: பாரத்தைத் தாங்குவது ஒன்று, பக்கவாட்டில் விலகாமல் பிடிப்பது இன்னொன்று, மேலே எழும்பிவிடாமல் தண்டவாளத்தின் அடியில் ஓடுவது மூன்றாவது. இவற்றின் மேலுறை தேயத் தேய மாற்றப்படும். நீங்கள் ஏறிய காலத்துச் சில்லுகள் கனடாவிலேயே பலமுறை மாறியிருக்கும்; வளைவு மட்டும் மாறியிராது. உங்கள் முழங்கால் நினைவில் வைத்திருப்பது அந்த வளைவைத்தான்.

வண்டி மேலே ஏறும்போது 'டக், டக்' என்று கேட்குமே, பலர் அதைச் சங்கிலியின் சத்தம் என்று நினைக்கிறார்கள். சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னோக்கி உருண்டுவிடாதபடி, தண்டவாளத்தோடு போகும் பற்சட்டத்தில் ஒவ்வொரு பல்லாக விழுந்துகொண்டு வரும் இரும்பு நாக்கின் சத்தம் அது. பயமுறுத்தும் அந்த ஓசைதான் காவல்.

நின்றபடி போகும் வகை ஏன் அருகிப்போயிற்று என்பதற்கும் காரணம் உண்டு. ஒவ்வொருவருடைய உயரத்துக்கும் ஏற்பக் காப்பை ஏற்றி இறக்கிப் பூட்ட நேரம் பிடிக்கும். அதனால் ஒரு மணித்தியாலத்தில் ஏற்றக்கூடிய ஆட்களின் தொகை குறையும். காதிலும் கழுத்திலும் காப்புச் சட்டம் மோதும் என்ற முறைப்பாடும் பழையது. உங்களுடையதைச் செய்த ஜப்பானிய நிறுவனமான டோகோ 2001 இல் நொடித்துப்போயிற்று. செய்தவர் இல்லாமற்போன இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் தேடுவது எவ்வளவு பாடு என்பதைத் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளோடு மல்லுக்கட்டிய எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே நிறுவனம் செய்த கிங் கோப்ரா அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 1984 முதல் 2001 வரையும், ஷொக்வேவ் வேர்ஜினியாவில் 1986 முதல் 2015 வரையும் ஓடி நின்றுபோயின. அதே ஒஹாயோவில் உள்ள சீடர் பொயிண்ட் பூங்காவில் 1996 இல் வந்த மான்டிஸ் வேறொரு நிறுவனத்துடையது. அதை இடிக்காமல், 2015 இல் உட்கார்ந்து போகும் வண்டிகளைப் பூட்டிப் பெயரையும் மாற்றிவிட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் இந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. உலகிலேயே மிக உயரமான ரோலர் கோஸ்டராக 2005 இல் நியூஜேர்சியில் திறக்கப்பட்ட கிங்டா கா, 139 மீற்றர் உயரம், 2025 பெப்ரவரியில் வெடிவைத்துச் சரிக்கப்பட்டது. கப்பலை உடைப்பதைப் பார்த்துப் பழகிய எனக்கே அந்தக் காணொளியை இரண்டாம் முறை பார்க்க மனம் வரவில்லை. போக வசதி இருந்தால் போய்வாருங்கள், தம்பி. ஆனால் இப்போதும் ஓடுகிறதா என்று பூங்காவிடமே உறுதி செய்துகொள்ளாமல் விமானச்சீட்டு வாங்க வேண்டாம்.

நிலாவெளிக் காற்று எழுதியது:

தம்பி, நான் போக வேண்டாம் என்று சொல்லும் பக்கம். தொண்ணூறுகளில் நாங்கள் அகதிகளாகச் சென்னையில் இருந்தபோது, தாம்பரத்துக்கு அருகே 1995 இல் கிஷ்கிந்தா திறந்தார்கள். இந்தியாவின் முதலாவது முப்பரிமாணத் திரைப்படத்தை 1984 இல் தயாரித்த நவோதயா அப்பச்சன் உருவாக்கிய பூங்கா அது. முகாமிலிருந்த பிள்ளைகளை ஒரு நல்ல மனிதர் தம் செலவில் கூட்டிப் போனார். நான் ஏறியது இரண்டே ராட்டினங்களில். மிகுதி நேரம் முழுவதும், எங்கே தொலைந்துவிடுவேனோ என்று அந்த மனிதரின் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல ஆண்டுகள் கழித்துச் சென்னைக்குப் போனபோது, என் பிள்ளைகள் கேட்டும் அங்கே போகவில்லை. ராட்டினம் இருந்தாலும் அந்தச் சட்டை அங்கே இருக்காது. உங்களுக்கும், இத்தாலியில் தண்டவாளம் இருக்கலாம். தரிப்பிடத்தில் சோற்றுப் பொதியோடு நின்ற அம்மா இருப்பாரா?

உவர்மலையான் எழுதியது:

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. அக்கா, உங்கள் கடைசிக் கேள்வியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "சோற்றுப் பொதியை இங்கேயே கட்டித் தருகிறேன், அதற்கு ஏன் இத்தாலிக்குப் போக வேண்டும்" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஐயா சொன்னதை வாசித்த பிறகு, முதற்பதிவில் நான் எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். ஸ்கைரைடரில் நான் கடைசியாக ஏறியது 2001 இல். அதன் பின்பும் பல முறை அந்தப் பூங்காவுக்குப் போயிருக்கிறேன். 2008 இல் பீஹிமோத் வந்தபோதும், 2012 இல் அதையும் விட உயரமான லெவியாதன் வந்தபோதும், மணிக்கணக்காக அவற்றின் வரிசையில் நின்றேன். ஸ்கைரைடரின் வாசலில் ஆளே இல்லாமல் வண்டி பாதி வெறுமையாகப் போவதைப் பார்த்து, அடுத்த முறை ஏறலாம் என்று கடந்து போனதும் உண்டு. அதைக் கழற்றிய செய்தி எனக்கு இத்தனை ஆண்டுகள் எட்டாமலிருந்ததற்குத் தூரத்தைக் காரணம் சொல்ல முடியாது. வரிசையில் ஆள் குறையக் குறைய ஒரு ராட்டினத்தைப் பராமரிக்கும் செலவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். அந்த வரிசையிலிருந்து விலகிப் போனவர்களில் நானும் ஒருவன்.

பூங்காவுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கே பதிவிடுகிறேன். மகளின் உயரத்தையும் நேற்றுக் கதவு நிலையில் அளந்து கோடிட்டோம். அவள் நின்றபடி போகும் ராட்டினத்தில் ஏற இன்னும் சில ஆண்டுகளாவது ஆகும்.

துறையடி சகோதரரே, வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு உங்களுக்கு நேரமிருக்குமா? பாலத்தால் எத்தனையோ தடவை போய்வந்தும், பாதை வந்து அணைந்த இடம் எது என்று நான் கேட்டுப் பார்த்ததில்லை. மகளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.