பழைய ஃபியட், ஒட்டன்சத்திரத்துக்கு முன்னாடி நிக்குது

காரைக்குடில வாங்குன 1968 ஃபியட் 1100 டிலைட்ட கோயம்புத்தூருக்கு ஓட்டிட்டு போறேன், நத்தம் தாண்டுற வரைக்கும் பிரச்சனையே இல்ல, வெயில் ஏறுனதும் இழுவை கொறஞ்சு ஆஃப் ஆயிடுது, அரை மணி நேரம் ஆற விட்டா எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது, கொஞ்ச தூரத்துல திரும்ப அதே கதை. ஸ்பார்க் வர வைக்கிற பாயிண்ட் தேச்சாச்சு, அதோட கண்டென்சரும் புதுசு, ஸ்பார்க் நல்லாவே இருக்கு. சூட்டுல பெட்ரோல் ஆவியாகுதோன்னு இன்ஜின்ல இருக்குற பெட்ரோல் பம்ப் மேல ஈரத்துணி சுத்திப் பாத்தேன், டேங்க் மூடிய லூஸா வெச்சும் பாத்தேன். கார்பரேட்டருக்கு பெட்ரோல் வர்ற பைப்ப கழட்டி செல்ஃப் அடிச்சா பெட்ரோல் நுரையா காத்தோட துப்புது. ரேடியேட்டர் தண்ணி கொறையல. இங்க இருக்குற மெக்கானிக் பையன் ஸ்டியரிங் பக்கத்துல இருக்குற கியர் லிவரையே இப்பதான் மொத தடவ பாக்குறான். டேங்க் பக்கம் எலக்ட்ரிக் பம்ப் ஒண்ணு மாட்டி ஓட்டிட்டு போயிடலாமா, இல்ல லாரில ஏத்துறதுதான் சரியா?