கடலடிச் சல்பைடில் தங்கம்: அளவில் வருகிறது, கண்ணில் படவில்லை

கேள்வி:
பப்புவா நியூகினி அருகே பிஸ்மார்க் கடலில் உள்ள சொல்வாரா 1 படிவில் டன்னுக்குச் சுமார் 5 கிராம் தங்கம் என்கிறார்கள். ஆனால் இந்த மாதிரி வெந்நீர் ஊற்றுச் சல்பைடை (உலோகமும் கந்தகமும் சேர்ந்த கனிமக் கல்) மெருகிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பல நேரம் ஒரு துகள்கூடத் தெரிவதில்லை. எக்ஸ்-கதிரை வைத்துத் தனிமங்களைக் காட்டும் எலக்ட்ரான் நுண்ணோக்கியும் (எஸ்இஎம்-இடிஎஸ்) கைவிரிக்கிறது. தங்கம் எங்கே? அரைத்து, தங்கத்தைக் கரைத்தெடுக்கும் சயனைடில் போட்டால் வருமா?

பதில் 1:
இடிஎஸ்சுக்குச் சுமார் 1,000 பிபிஎம்முக்கு (ஒரு பிபிஎம் என்றால் டன்னுக்கு ஒரு கிராம்) கீழே எதுவும் தெரியாது. லேசர் ஐசிபி-எம்எஸ் (லேசரால் சுரண்டிய பொடியில் தனிமங்களை அளக்கும் கருவி) போடுங்க: 30-50 மைக்ரான் புள்ளி, தங்கத்தோடு ஆர்செனிக், வெள்ளி, டெல்லூரியமும் அளக்கணும். தங்கம், ஆர்செனிக் இரண்டின் அளவுக்கோடும் சேர்ந்து சமமாக ஓடினால், தங்கம் பைரைட்டின் (இரும்புச் சல்பைடு) படிகக் கட்டமைப்புக்குள் கரைந்திருக்கிறது. தங்கக் கோடு ஊசி மாதிரி எகிறி விழுந்தால் துகள். தங்கம்-ஆர்செனிக் மோல் விகிதம் சுமார் 0.02-ஐத் தாண்டாதவரை கட்டமைப்பில் இடம் உண்டு. 0.1% ஆர்செனிக் உள்ள பைரைட்டில் 50 பிபிஎம் வரை ஒளிந்துகொள்ளும்.

பதில் 2:
சமமாக ஓடுவதை வைத்து மட்டும் முடிவு கட்டாதீங்க. சில பத்து நானோமீட்டர் துகள்கள் சீராகப் பரவியிருந்தாலும் 40 மைக்ரான் புள்ளியில் அதே வழவழப்புதான் வரும். நானோமீட்டர் வரை காட்டும் டிஇஎம் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெளியும்.

அதைவிட முக்கியம், புகைபோக்கியை (ஊற்று வாயில் சல்பைடு படிந்து எழும் குழாய்) மொத்தமாக இடித்துப் பொடியாக்கக் கூடாது. உள்சுவரில் 300 டிகிரியை ஒட்டிய சூட்டில் படிந்த சால்கோபைரைட் (செம்புக் கனிமம்), வெளியே வர வர ஸ்பாலரைட் (துத்தநாகக் கனிமம்), மார்க்கசைட் (இன்னொரு இரும்புச் சல்பைடு), பாரைட் (பேரியம் சல்பேட்). தங்கம் வெந்நீரில் கந்தகத்தோடு பிணைந்து (பைசல்பைடு அணைவாக) கரைந்து வரும்போது, கடல்நீர் கலந்து ஆறினாலும், ஆழம் குறைந்த ஊற்றில் கொதித்து ஹைட்ரஜன் சல்பைடு பறிபோனாலும் படிந்துவிடும். அதனால் பல இடங்களில் வெளிப்பக்கம்தான் தங்கம் கூடுதல். சுவரை அடுக்கடுக்காக வெட்டித் தனித்தனியாக அளங்க. மெருகிடும் முன் அயனி நீக்கிய நீரில் உப்புப் போகக் கழுவி, 40 டிகிரியில் உலர்த்தி, வெற்றிடத்தில் எப்பாக்சி ஏற்றணும். இல்லாட்டி ஓட்டைக் கல் தேய்க்கும்போதே உதிரும்.

பதில் 3:
மொத்த அளவுக்கு ஃபயர் அஸே (ஈய ஆக்சைடோடு உருக்கி, இறங்கும் ஈயத்தில் தங்கத்தைச் சேர்த்து அளக்கும் முறை) என்றால் வழக்கமான 30 கிராம் போடாதீங்க. ஒரு கிராம் பைரைட் 10 கிராமுக்கு மேல் ஈயத்தை இறக்கும். அடியில் சேரும் ஈயப் பொத்தான் பெருத்து, ‘மேட்’ என்ற உருகிய சல்பைடு அடுக்கும் பிரிந்து தங்கத்தை இழுத்துக்கொள்ளும். மாதிரியைக் குறைத்து வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்) சேருங்க.

சயனைடு கேள்விக்கு: கட்டமைப்புக்குள் இருப்பது நேரடியாக வராது, எவ்வளவு நைசாக அரைத்தாலும் அப்படித்தான். முதலில் சல்பைடை உடைக்கணும்: 190-230 டிகிரியில் ஆக்சிஜன் அழுத்தத்தில், அல்லது பாக்டீரியாவால், அல்லது வறுத்து. செம்பு மிச்சமிருந்தால் அது சயனைடைத் தின்னும், எனவே மிதப்பு முறையில் (கனிமத்தை நுரையில் ஒட்டி மிதக்கவைத்து) முன்பே பிரித்துவிடுங்க. ஆர்செனிக் உள்ள கல்லை வறுத்தால் ஆர்செனிக் ட்ரையாக்சைடு புகையாகக் கிளம்பும். புகையைப் பிடிக்க வசதி இல்லாத ஆய்வகத்தில் அந்த வழிக்கே போகாதீங்க.