எழுச்சிக்குப் பின் படை ஆளும் காலம்: ‘காப்பரசு’ வேண்டாம், ‘இடையரசு’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மக்கள் எழுச்சியில் ஆட்சி விழுந்தபின் படை ஆளும் இடைக்காலத்துக்குத் தமிழில் என்ன கலைச்சொல் வைப்பது என்பதுதான் கேள்வி. அதற்கு வந்த ஒரு முன்மொழிவு:

> ‘படைக் காப்பரசு’ என்று வைக்கலாமே? மக்கள் எழுச்சியில் ஆட்சி விழுந்தபின் நாட்டைக் காக்கும் அரசு என்ற பொருள் வரும்.

வரும்; அதுதான் எனக்கு உறுத்துகிறது. காக்க வந்தோம் என்றுதான் தளபதிகள் எல்லோரும் வருகிறார்கள். அந்தப் பெயரைக் கலைச்சொல்லும் சேர்ந்து சூட்டிவிடக் கூடாது. நாளிதழ்கள் எழுதும் ‘இராணுவப் புரட்சி’யும் இதே தவறுதான். தெருவில் நின்று உயிர் கொடுத்த மக்களின் சொல்லைப் பிடுங்கிப் படையிடம் கொடுக்கிறது.

‘ஆட்சிக்கவிழ்ப்பு’ எல்லா இடத்துக்கும் பொருந்தவில்லை. எகிப்தைப் பாருங்கள். 2011 பிப்ரவரி 11 அன்று அதிபர் முபாரக் விலகியதும் ஆயுதப் படைகளின் உயர்மன்றம் பொறுப்பேற்றது. இரண்டே நாளில் நாடாளுமன்றத்தைக் கலைத்தது, அரசமைப்பை நிறுத்திவைத்தது, ஆறு மாதம் அல்லது தேர்தல் முடியும்வரை இருப்போம் என்றது. தேர்தலில் வென்ற அதிபர் முர்சியிடம் பொறுப்பைக் கொடுத்ததோ 2012 ஜூன் 30 அன்று. அவரைப் படை 2013 ஜூலை 3 அன்று நீக்கியது கவிழ்ப்பு, ஐயமில்லை. முந்தைய அந்த 16 மாதங்களுக்குத்தான் நம்மிடம் பெயர் இல்லை.

‘படையாட்சி’ சாதிப் பட்டமாக வழங்குவதால் ஆகாது. ‘படையிடையாட்சி’ என்று எழுதிப் பார்த்தேன். ‘படையிடை’ என்பதைப் ‘படைக்குள்’ என்று ஏழாம் வேற்றுமையாகப் படித்துவிடுவார்கள்.

என் முன்மொழிவு ‘இடையரசு’. ‘இடைத்தேர்தல்’ நிலைத்துவிட்ட சொல், அதனால் வாசகருக்கு விளக்கவுரை வேண்டாம். இடை என்பதும் தளபதிகளின் வாக்குறுதிதானே என்று கேட்கலாம். ஆனால் இடை என்றதும் எதுவரை என்ற கேள்வி தானாக எழுகிறது. காப்புக்கு அந்தக் கெடு கிடையாது.

யார் கையில் என்பதை முன்னால் சேர்த்து, பிரித்தே எழுதுவோம். எகிப்தில் 2011இல் படை இடையரசு. சூடானில் 2019 ஏப்ரலில் அதிபர் பஷீர் வீழ்ந்ததும் அதேதான். தலைநகர் கார்த்தூமில் போராடியவர்களைப் படையினர் கொன்ற ஜூன் 3 படுகொலைக்குப் பின் பேச்சு நடந்து, ஆகஸ்டில் படையினரும் குடிமையினரும் (படை சாராதவர்களும்) கலந்த 11 பேர் மன்றம் அமைந்தது. அது கூட்டு இடையரசு. அதை 2021 அக்டோபரில் படைத்தளபதி புர்ஹான் கலைத்தது கவிழ்ப்பு. வங்கதேசத்தில் 2024 ஆகஸ்டில் பிரதமர் ஹசீனாவின் விலகலை அறிவித்தவர் தரைப்படைத் தளபதி. ஆனாலும் பொருளியலாளர் யூனுஸ் தலைமையில் அமைந்தது குடிமை இடையரசு.

துனீசியாதான் மிச்சம். 2011 ஜனவரியில் அதிபர் பென் அலி நாட்டைவிட்டு ஓடியபின் படை ஆட்சியில் அமரவில்லை. அப்படி விலகி நிற்பதற்கு ‘இடைநிற்றல்’ எனலாமென்றால், அது பள்ளிக்கல்விக்குப் போய்விட்டது. ‘படை ஒதுங்கல்’ என்பதைவிட நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.